ஸ்கோர் இல்லாத எட்டு வாரங்கள்

2025 டிசம்பர் தொடக்கத்தில் பெண்கள் டென்னிஸின் பெரிய பெயர்கள் யாரும் களத்தில் இல்லை. சிலர் கடற்கரையில் இருந்தார்கள், சிலர் ஜிம்மில். அந்த வாரம் ரசிகர்கள் எல்லோரும் பேசியது ஒரு பட்டியலைப் பற்றி. ஊக்கமருந்துப் பரிசோதனை வளையத்துக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று சர்வதேச டென்னிஸ் நேர்மை முகமை வெளியிடும் பெயர்ப் பட்டியல் அது. சாதாரண நாளில் அதை யாரும் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. இந்த முறை அதில் செரீனா வில்லியம்ஸ் பெயர் இருந்தது.

அந்தப் பட்டியலில் இருப்பது சுகமான விஷயம் கிடையாது. தினமும் எங்கே தங்கியிருப்பேன், எந்த ஒரு மணி நேரத்தில் வந்தால் என்னைப் பார்க்கலாம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த நேரத்தில் பரிசோதகர் வந்து கதவைத் தட்டும்போது ஆள் இல்லையென்றால் கணக்கில் ஒரு புள்ளி ஏறும். 12 மாதத்துக்குள் அப்படி மூன்று ஏறினால், உடம்பில் எந்த மருந்தும் இல்லாவிட்டாலும் தடைதான். 44 வயதில், இரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டு, 23 கிராண்ட்ஸ்லாம் வென்று முடித்த ஒருவர் இந்தத் தலைவலியை எதற்கு இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும்? விதி ஒன்று இருக்கிறது: ஓய்வு பெற்றவர் திரும்பி வந்து ஆட வேண்டுமென்றால், அதற்கு முன் ஆறு மாதம் பரிசோதனைக்குத் தயாராக இருந்திருக்க வேண்டும். அந்த விதியையும் பட்டியலையும் சேர்த்து வைத்ததும் ரசிகர்களுக்கு மீதிக் கதை தானாக வந்துவிட்டது. போதாக்குறைக்கு அக்கா வீனஸ் 45 வயதில், அதே ஆண்டு ஜூலையில் வாஷிங்டனில் ஒற்றையர் ஆட்டம் ஒன்றை வென்றிருந்தார். அடுத்த ஜனவரியில் ஆக்லாந்தில் ஆட அவருக்கு வைல்டு கார்டு (தரவரிசை பார்க்காமல் அமைப்பாளர்கள் தரும் இடம்) கிடைத்த செய்தியும் நவம்பரில் வந்திருந்தது.

செரீனா உடனே மறுத்தார். நான் திரும்பி வரவில்லை என்று பெரிய எழுத்தில் போட்டார். ஆனால் பெயர் ஏன் பட்டியலில் இருக்கிறது என்று சொல்லவில்லை. அது போதாதா? அப்புறம் இரண்டு வாரத்துக்குப் பேச்சு ஓயவே இல்லை.

இதே செய்தி மே மாதத்தில் வந்திருந்தால் அன்று மாலை ரோமில் யாராவது ஒரு பெரிய வீராங்கனை தோற்றிருப்பார், இது இரண்டாம் பக்கத்துக்குப் போயிருக்கும். சீசன் நடக்கும்போது எந்த வதந்திக்கும் ஆயுள் குறைவு. ஒருவருக்குத் தோள்வலி என்று பேசிக்கொண்டால் செவ்வாய்க்கிழமை அவர் சர்வ் போடுவதைப் பார்த்துவிடலாம். புதுப் பயிற்சியாளர் சரியில்லை என்றால் முதல் சுற்றிலேயே தெரிந்துவிடும். நவம்பர் இரண்டாவது வாரத்திலிருந்து டிசம்பர் கடைசிவரை அந்த வசதி இல்லை. யாருடைய வாயையும் அடைக்க ஒரு ஸ்கோர் கிடையாது. அதனால்தான் இந்தக் காலத்தில் பெரிதாகச் சத்தம் போடுகிற செய்தி ஒன்றாகவும், ஜனவரியில் முடிவைத் தீர்மானிக்கிற விஷயம் வேறொன்றாகவும் இருந்துவிடுகிறது. எனக்கு இது புரியக் கொஞ்ச காலம் ஆனது. 2025 ஜனவரியில்தான் நன்றாக உறைத்தது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில், இந்த இடைவெளி எவ்வளவு நீளம் என்று பார்ப்போம். நம்மூரில் ஆஃப் சீசன் என்றால் குற்றாலத்தில் தண்ணீர் வற்றி அறை வாடகை இறங்கும் நீண்ட காலம். டென்னிஸில் அப்படி இல்லை. 2025இல் ரியாத்தில் நடந்த ஆண்டிறுதிப் போட்டி நவம்பர் 8ஆம் தேதி முடிந்தது. ஆஸ்திரேலியாவில் யுனைடெட் கோப்பை ஜனவரி 2ஆம் தேதி தொடங்கியது. நடுவே 55 நாள், எட்டு வாரத்துக்கு ஒரு நாள் குறைவு. இதுவே தாராளம். 2024இல் இத்தாலியின் ஜாஸ்மின் பவோலினி ரியாத்தில் ஆடிவிட்டு நேராக ஸ்பெயினின் மலாகாவுக்குப் போய், நவம்பர் 20ஆம் தேதி ஸ்லோவாக்கியாவை வீழ்த்தி நாட்டுக்காக பில்லி ஜீன் கிங் கோப்பையை வென்றார். டிசம்பர் 27ஆம் தேதி யுனைடெட் கோப்பை தொடங்கிவிட்டது. 37 நாள். அதற்குள் உடம்பு ஆற வேண்டும், ஊருக்குப் போய் வர வேண்டும், புதிதாக ஏதாவது கற்றுக்கொள்ள வேண்டும், ஆஸ்திரேலியாவுக்குப் பறந்து வெயிலுக்கும் நேர வித்தியாசத்துக்கும் பழக வேண்டும். அடுத்த ஆண்டு அந்தக் கோப்பையின் இறுதிக்கட்டத்தைச் செப்டம்பருக்கு மாற்றி ஷென்சென் நகரத்தில் நடத்தினார்கள். இத்தாலியே மறுபடியும் வென்றது. பவோலினிக்கு ஒரு நவம்பராவது மிச்சமானது.

இடைவெளி ஏன் இப்படிச் சுருங்குகிறது என்பதற்குக் காரணம் அட்டவணைதான். 2024 முதல், பெண்கள் டென்னிஸை நடத்தும் டபிள்யூடிஏ அமைப்பின் விதிப்படி முன்னணி வீராங்கனைகள் நான்கு கிராண்ட்ஸ்லாம், பத்து 1000 புள்ளிப் போட்டிகள், ஆறு 500 புள்ளிப் போட்டிகள் ஆட வேண்டும். ஆடாமல் விட்டால் தரவரிசைக் கணக்கில் அந்த இடத்தில் பூஜ்யம் விழும். பல 1000 புள்ளிப் போட்டிகள் இப்போது ஒரு வாரத்திலிருந்து ஏறக்குறைய இரண்டு வாரமாக நீண்டுவிட்டன. அதனால் முன்பு சீசன் முடிந்ததும் வந்த களைப்பு இப்போது செப்டம்பரிலேயே வந்துவிடுகிறது. 2025இல் எலினா ஸ்விடோலினா செப்டம்பரிலும் டாரியா கசட்கினா அக்டோபரிலும் இதற்கு மேல் என்னால் முடியாது என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டுக் கடையை மூடினார்கள். உடம்பில் பெரிய காயம் என்று சொல்லவில்லை. மனசு ஓய்ந்துவிட்டது என்பதையே காரணமாகச் சொன்னார்கள். பத்து வருடத்துக்கு முன் ஒரு வீராங்கனை இப்படிச் சொல்லியிருந்தால் என்ன பேச்சு கேட்டிருப்பார் என்று நினைத்துப் பார்க்கிறேன். இப்போது ரசிகர்கள் பெரும்பாலும் பரிவோடுதான் எடுத்துக்கொண்டார்கள்.

இதெல்லாம் மேல்தட்டுக் கதை. தரவரிசையில் 90க்கும் 130க்கும் நடுவில் இருக்கும் பெண்களுக்கு ஆஃப் சீசன் என்ற சொல்லே ஒரு கிண்டல். ஆஸ்திரேலிய ஓபன் பிரதான சுற்றில் 128 இடம். அதில் 104 இடம் தரவரிசைப்படி நேரடியாக நிரப்பப்படும், 16 இடம் தகுதிச்சுற்றில் வென்றவர்களுக்கு, 8 இடம் வைல்டு கார்டு. அந்த 104 பேரைத் தீர்மானிக்கும் தரவரிசை, போட்டி தொடங்குவதற்குச் சுமார் ஆறு வாரத்துக்கு முன்பு, அதாவது டிசம்பர் தொடக்கத்தில் எடுக்கப்படுகிறது. முதல் சுற்றில் தோற்றாலும் 2026இல் 1,50,000 ஆஸ்திரேலிய டாலர், நம் கணக்கில் ஏறத்தாழ 90 லட்சம் ரூபாய். ஆண்டு முழுக்கப் பயிற்சியாளருக்கும் விமானத்துக்கும் ஓட்டலுக்கும் கைக்காசைப் போட்டு ஆடுகிறவர்களுக்கு அந்த ஒரு காசோலை அடுத்த ஆறு மாதத்தை ஓட்டித் தரும். ஆகவே அக்டோபர் கடைசியிலும் நவம்பரிலும் அவர்கள் எங்கே புள்ளி கிடைக்குமோ அங்கெல்லாம் ஓடுகிறார்கள்.

அந்த ஓட்டத்தின் ஒரு துண்டை நான் நுங்கம்பாக்கத்தில் பார்த்தேன். சென்னை ஓபன் 2022க்குப் பிறகு 2025இல் திரும்பி வந்தது. அக்டோபர் 27 தொடங்கி நவம்பர் 2 வரை, ஆண்டின் கடைசி 250 புள்ளிப் போட்டிகளில் ஒன்று. அந்தத் தேதியில் சென்னையில் வெளி மைதானப் போட்டி வைப்பது வடகிழக்குப் பருவமழையோடு சீட்டு விளையாடுவது மாதிரி. மழை வந்து ஆட்டங்களைத் தள்ளிப்போட்டது. ஊழியர்கள் கோர்ட்டில் தேங்கிய தண்ணீரை ரப்பர் துடைப்பத்தால் ஓரத்துக்குத் தள்ளுவார்கள், துண்டால் கோடுகளை ஒற்றி எடுப்பார்கள், காய்ந்துவிட்டது என்று நினைக்கும்போது மறுபடி தூறும். காலரியில் குடையோடு உட்கார்ந்திருந்த எங்களுக்கு அது வேடிக்கை. உள்ளே காத்திருந்தவர்களுக்கு அந்த வாரத்தின் ஒவ்வொரு புள்ளியும், ஆஸ்திரேலிய ஓபன் நடக்கும் மெல்போர்னுக்கான டிக்கெட்டின் ஒரு துண்டு. கடைசியில் இந்தோனேசியாவின் ஜானிஸ் டிஜென், ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி பிரெல்லை 6-4, 6-3 என்று வென்றார். 2002இல் ஏஞ்சலிக் விட்ஜாஜா வென்ற பிறகு இந்தோனேசியப் பெண் ஒருவருக்குக் கிடைத்த முதல் டபிள்யூடிஏ ஒற்றையர் பட்டம் அது. கோப்பையோடு 250 புள்ளிகளும் கையில் வந்ததால் ஆஸ்திரேலிய ஓபன் பட்டியலைப் பற்றி அவர் கவலைப்பட வேண்டிய அவசியமே இல்லாமல் போனது.

சென்னை முடிந்ததும் எல்லோரும் வீட்டுக்குப் போய்விடவில்லை. தென் அமெரிக்காவில் சின்னப் போட்டிகள், டிசம்பரில் பிரான்ஸின் ஆஞ்சேவிலும் லிமோஜிலும் உள்ளரங்கப் போட்டிகள். நவம்பர் கடைசியில் சீனாவின் செங்டுவில் ஆசிய பசிபிக் பகுதிக்கான ஒரே ஒரு ஆஸ்திரேலிய ஓபன் வைல்டு கார்டுக்காக ஒரு தனிப்போட்டி. ஆர்வமுள்ள ரசிகர்கள் டிசம்பரில் எதைப் படிக்கிறார்கள் என்று என்னைக் கேட்டால், ஆஸ்திரேலிய ஓபன் நுழைவுப் பட்டியலையும் அதில் வெட்டுக்கோட்டுக்குக் கீழே முதல் பத்துப் பெயர்களையும்தான் என்பேன். மேலே ஒருவர் காயம் என்று விலகினால் கீழே ஒருவர் உள்ளே வருவார். இதில் யாருடைய கருத்துக்கும் இடமில்லை, எண் மட்டும்தான். அதனாலேயே இதைப் பற்றிக் கூட்டமாக யாரும் சண்டை போடுவதில்லை.

சண்டைக்கு வேறு சரக்கு வேண்டும். 2024 நவம்பர் 28ஆம் தேதி அது கிடைத்தது. போலந்தின் முன்னணி வீராங்கனை இகா ஸ்வியாடெக்குக்கு ஊக்கமருந்து விதியின் கீழ் ஒரு மாதத் தடை என்ற அறிவிப்பு வந்தது.

நடந்தது இது. ஆகஸ்ட் 12ஆம் தேதி, சின்சினாட்டி போட்டிக்கு முன்பு, போட்டிக்கு வெளியே எடுத்த சிறுநீர் மாதிரியில் டிரைமெட்டாசிடின் என்ற இதய மருந்தின் மிகச் சிறிய தடயம் இருந்தது. செப்டம்பர் 12ஆம் தேதி தற்காலிகத் தடை விழுந்தது. பத்து நாளுக்குள் மேல்முறையீடு செய்து, அது வெற்றி பெற்றால் தற்காலிகத் தடையை வெளியே சொல்ல வேண்டியதில்லை என்பது அப்போதைய விதி. அவர் அதைச் செய்தார். தூக்கத்துக்கும் நேர வித்தியாசத்துக்குமாக எடுத்துக்கொண்ட மெலடோனின் மாத்திரையில் அந்த மருந்து கலந்திருந்தது ஆய்வகத்தில் நிரூபணமானது. அது போலந்தில் மருந்துச் சீட்டு இல்லாமலே கடையில் கிடைக்கும் மாத்திரை. அக்டோபர் 4ஆம் தேதி தற்காலிகத் தடை நீங்கியது. நடுவில் சியோல், பெய்ஜிங், வூஹான் மூன்று போட்டிகளும் போயிருந்தன. தடை மொத்தம் ஒரு மாதம், அதில் 22 நாள் ஏற்கெனவே கழிந்துவிட்டது. மீதி எட்டு நாளை, எவரும் ஆடாத நவம்பர் கடைசியிலும் டிசம்பர் தொடக்கத்திலும் அனுபவித்து முடித்தார். சின்சினாட்டி பரிசுப் பணம் 1,58,944 டாலரைத் திருப்பிக் கொடுத்தார்.

இந்தத் தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் அந்த இலையுதிர் காலத்தில் ரசிகர்கள் போட்ட கணக்குகள் எல்லாம் எவ்வளவு தப்பு என்று தெரியும். பெய்ஜிங்கிலிருந்து விலகினார், சொந்தக் காரணம் என்றார்கள். அக்டோபர் 4ஆம் தேதி பயிற்சியாளர் தோமாஷ் விக்டோரோவ்ஸ்கியைப் பிரிந்த செய்தி வந்தது, ஆஹா இதுதான் காரணம் என்றோம். அக்டோபர் 17ஆம் தேதி புதுப் பயிற்சியாளராக விம் ஃபிசெட் வந்தார், 21ஆம் தேதி அரினா சபலென்கா ஸ்வியாடெக்கிடமிருந்து முதலிடத்தைப் பிடித்தார். நாங்கள் எல்லாவற்றையும் பயிற்சியாளர் மாற்றத்தின் தலையில் கட்டினோம். நானும்தான். உண்மைக் காரணம் ஒரு மாத்திரைக் குப்பிக்குள் இருந்தது.

அறிவிப்பு வந்த பிறகு எழுந்த கோபம் ஸ்வியாடெக் ஏமாற்றினாரா என்பது பற்றி அவ்வளவாக இல்லை. ஒரே குற்றச்சாட்டுக்கு ஆளுக்கொரு நடைமுறையா என்பதுதான் கேள்வி. முன்பு முதலிடத்தில் இருந்த சிமோனா ஹாலெப் 2022 அமெரிக்க ஓபனில் எடுத்த மாதிரியில் சிக்கினார். அக்டோபரிலிருந்து வெளியே உட்கார வைத்தார்கள், 2023 செப்டம்பரில் நான்கு ஆண்டுத் தடை கொடுத்தார்கள், 2024 மார்ச்சில் விளையாட்டுக்கான நடுவர் நீதிமன்றம் அதை ஒன்பது மாதமாகக் குறைத்தது. அதற்குள் ஒன்றரை ஆண்டு ஓடிவிட்டது. அவரும் கலப்படமான சத்துப்பொடி என்றுதான் சொன்னார். ஸ்வியாடெக் செய்தி வந்ததும் இவ்வளவு வித்தியாசம் ஏன் என்று ஹாலெப் வெளிப்படையாகக் கேட்டார். கேள்வி நியாயமானது. அதற்கான பதில் முழுக்கச் சதி என்பதும் சரியில்லை. கலப்படம் எங்கிருந்து வந்தது என்று எவ்வளவு சீக்கிரம் நிரூபிக்க முடிகிறதோ, அதைப் பொறுத்தே எல்லாம் நகர்கிறது. மாத்திரைக் குப்பியைக் கையில் வைத்திருந்து, உடனே நல்ல ஆய்வகத்தையும் நல்ல வக்கீலையும் பிடிக்கிறவருக்கு வழி குறுகல். அந்த வேகத்துக்குக் காசு வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். தரவரிசையில் 300ஆவது இடத்தில் இருக்கும் பெண்ணுக்கு அது எப்படிக் கட்டுப்படியாகும்?

ஊக்கமருந்துப் பேச்சு டிசம்பரோடு ஒட்டிக்கொண்டிருப்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. தடைசெய்யப்பட்ட மருந்துகளின் புதிய பட்டியல் ஜனவரி 1ஆம் தேதி அமலுக்கு வருகிறது. 2015 டிசம்பர் 22ஆம் தேதி மரியா ஷரபோவாவுக்கு அந்த மாற்றம் பற்றி ஒரு மின்னஞ்சல் வந்தது. அவர் அதிலிருந்த இணைப்பைத் திறந்து பார்க்கவில்லை. பத்து ஆண்டாக எடுத்துவந்த மெல்டோனியம் அந்தப் பட்டியலில் சேர்ந்திருந்தது. ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓபனில் எடுத்த மாதிரியில் மாட்டிக்கொண்டார். தடை, மேல்முறையீட்டுக்குப் பிறகும், 15 மாதம். கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் முன்னால் வரும் அலுவலக மின்னஞ்சலை நாம் எல்லோரும் எப்படிப் படிப்போம் என்று நமக்கே தெரியும்.

சில டிசம்பர்களில் செய்தி கனமாகவே வந்துவிடும். 2021 நவம்பர் 2ஆம் தேதி சீன வீராங்கனை பெங் ஷுவாய், முன்னாள் துணைப் பிரதமர் ஒருவர் மீது பாலியல் குற்றச்சாட்டை வெய்போவில் எழுதினார். பதிவு சற்று நேரத்தில் மறைந்தது, அவரும் சில நாள் பார்வையில் படவில்லை. டிசம்பர் 1ஆம் தேதி, அப்போது டபிள்யூடிஏ தலைவராக இருந்த ஸ்டீவ் சைமன், ஹாங்காங் உட்பட சீனாவில் எல்லாப் போட்டிகளையும் நிறுத்துவதாக அறிவித்தார். சும்மா வாய்வார்த்தையாக இது சொல்லப்படவில்லை. 2019 முதல் ஆண்டிறுதிப் போட்டியைப் பத்து ஆண்டுக்கு ஷென்சென் நகரத்துக்குக் கொடுத்திருந்தார்கள். முதல் ஆண்டே பரிசுத்தொகை 1.4 கோடி டாலர், வென்ற ஆஷ் பார்ட்டிக்கு 44.2 லட்சம் டாலர். அந்தப் பணத்தை விட்டுவிட்டு அமைப்பு நடுத்தெருவில் நின்றது. ஃபோர்ட் வொர்த், கான்குன் என்று ஆண்டிறுதிப் போட்டி ஊர் ஊராகச் சுற்றியது. 2023 கான்குனில் தற்காலிகமாகக் கட்டிய மைதானத்தில், காற்றிலும் மழையிலும் ஆட வைத்ததை சபலென்கா கடுமையாகக் கண்டித்தார். அதே ஆண்டு ஏப்ரலில் சீனத் தடையை டபிள்யூடிஏ விலக்கிக்கொண்டது. 2024 முதல் போட்டி ரியாத்தில். கிறிஸ் எவர்ட்டும் மார்ட்டினா நவ்ரத்திலோவாவும் அதை எதிர்த்து எழுதிப் பார்த்தார்கள். 2025இல் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் கோப்பையை வென்ற எலினா ரைபாகினா 52.35 லட்சம் டாலரோடு வீட்டுக்குப் போனார். ஒரு டிசம்பர் தீர்மானம் நான்கு ஆண்டுக்கு அட்டவணையையும் கஜானாவையும் இப்படி இழுத்தடித்தது. அந்த வாரம் பாராட்டித் தள்ளிய நாங்கள், பின்வாங்கியபோது மெல்ல முனகிவிட்டு சீனப் போட்டிகளைப் பார்க்க உட்கார்ந்துவிட்டோம்.

2016 டிசம்பர் 20ஆம் தேதியை நினைத்தால் இன்னும் வயிற்றைப் பிசையும். செக் குடியரசின் புரோஸ்தெயோவ் நகரத்தில் பெட்ரா குவிட்டோவாவின் வீட்டுக்குள் பராமரிப்பு வேலை என்று சொல்லி நுழைந்தவன் கத்தியைக் கழுத்தில் வைத்தான். அவர் அதைப் பிடித்துத் தள்ளினார், இடது கையால். அவர் இடது கை ஆட்டக்காரர், இரண்டு முறை விம்பிள்டன் வென்ற கை அது. ஐந்து விரல்களிலும் தசைநாண்கள் அறுபட்டன, இரண்டு நரம்புகளும் சேதம். நான்கு மணி நேரம் அறுவை சிகிச்சை. அந்த டிசம்பரில் தரவரிசை, பயிற்சியாளர், காலண்டர் எல்லாப் பேச்சும் அப்படியே நின்றது. 2017 பிரெஞ்சு ஓபனில் திரும்பி வந்தார். 2019 ஆஸ்திரேலிய ஓபனில் இறுதிச்சுற்று வரைக்கும் போனார்.

இதற்கு நடுவில், யாரும் கூட்டம் கூடிப் பேசாத விதிமாற்றங்களும் டிசம்பரில்தான் வரும். 2018 டிசம்பரில், குழந்தை பெற்றுத் திரும்பும் வீராங்கனைகள் தங்கள் பழைய தரவரிசையை மூன்று ஆண்டு வரை பயன்படுத்திக்கொள்ளலாம் என்று டபிள்யூடிஏ அறிவித்தது. அதே ஆண்டு பிரெஞ்சு ஓபனுக்கு செரீனா 451ஆவது இடத்தோடு வந்து நின்ற காட்சிதான் அதற்குப் பின்னால் இருந்தது. இன்று தாய்மார்கள் இத்தனை பேர் சுற்றில் ஆடுவதற்கு அந்த அறிவிப்பு ஒரு முக்கியக் காரணம். அன்றைக்கு அதைவிட, பாவாடை இல்லாமல் லெகிங்ஸ் மட்டும் போட்டு ஆடலாம் என்ற துணை விதியே அதிகம் பேசப்பட்டது.

கொடி மாற்றமும் இந்தக் காலத்துச் சரக்கு. உக்ரைன் போரால் 2022 மார்ச் முதல் ரஷ்ய, பெலாரஸ் வீராங்கனைகள் கொடி இல்லாமல் ஆடுகிறார்கள். 2025 மார்ச்சில் கசட்கினா ஆஸ்திரேலியாவுக்குப் போனார். டிசம்பரில் அனஸ்தாசியா பொடபோவா ஆஸ்திரியாவுக்கும் போலினா குடெர்மெடோவா உஸ்பெகிஸ்தானுக்கும் மாறினார்கள். புது சீசனைப் புது நாட்டின் பெயரில் தொடங்க டிசம்பர்தான் தோது.

காட்சிப் போட்டிகளைப் பற்றி எனக்கு இரண்டு மனசு. 2025 டிசம்பரில் பெங்களூருவில் நடந்த உலக டென்னிஸ் லீகில் கோயம்புத்தூரின் 16 வயது மாயா ராஜேஸ்வரன் பெரிய பெயர்களோடு ஒரே கோர்ட்டில் நின்றார். அந்த அனுபவத்தைக் காசு கொடுத்து வாங்க முடியாது. டிசம்பர் 28ஆம் தேதி துபாயில் சபலென்காவும் ஆண்கள் டென்னிஸின் நிக் கிர்கியோஸும் எதிரெதிரே ஆடியதைப் பார்த்தபோது அப்படி ஒன்றும் தோன்றவில்லை. கோர்ட்டில் சபலென்கா ஆடிய பாதி 9 சதவீதம் சின்னது, இருவருக்கும் ஒரே ஒரு சர்வ். தரவரிசையில் 671ஆவது இடத்தில், காயத்தால் அந்த ஆண்டு ஒரு சில ஆட்டங்களே ஆடியிருந்த கிர்கியோஸ் 6-3, 6-3 என்று வென்றார். அதற்கு 1973இல் ஹூஸ்டனில் நடந்த 'பாலினங்களின் போர்' ஆட்டத்தின் பெயரையே எடுத்து வைத்திருந்தார்கள். அன்று பில்லி ஜீன் கிங், முன்னாள் ஆண்கள் சாம்பியன் பாபி ரிக்ஸை வென்றது பெண்கள் டென்னிஸுக்கு மரியாதையும் சம்பளமும் கேட்டு நின்ற நேரத்தில். இரண்டும் ஒன்றில்லை என்று கிங்கே சொன்னார். அட்டவணை கொல்கிறது என்று அக்டோபரில் சொல்லிவிட்டு டிசம்பரில் துபாய்க்குப் பறக்கலாமா என்று ரசிகர்கள் கேட்பது சரிதான். ஆனால் ஒன்று கட்டாயம், மற்றொன்று விருப்பம், அதுவும் முன்பணத்தோடு.

அப்புறம் பயிற்சியாளர் செய்திகள். நவம்பரில் இவை மழைக்கால ஈசல் மாதிரி வரும். இருவர் சிரித்துக்கொண்டு நிற்கும் படம், கீழே ஒரு வரி. நான் இவற்றுக்குப் பெரிய மதிப்புக் கொடுப்பதை நிறுத்திவிட்டேன். 2024 நவம்பரில் ரைபாகினா, விம்பிள்டன் வென்ற கோரான் இவானிசெவிச்சைச் சேர்த்துக்கொண்டபோது எவ்வளவு பரபரப்பு! ஜனவரி முடிவதற்குள் அந்த உறவு முடிந்துவிட்டது. பயிற்சிக் காணொளியும் அப்படித்தான். பதினைந்து நொடியில் எல்லோருடைய ஃபோர்ஹேண்டும் அழகு.

2024 நவம்பர், டிசம்பரில் நாங்கள் ஸ்வியாடெக்கைப் பற்றி வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தபோது அமெரிக்காவில் மேடிசன் கீஸ் இரண்டு காரியம் செய்தார். நவம்பர் கடைசியில் தன் பயிற்சியாளர் பியோர்ன் ஃபிராடாஞ்சலோவைக் கல்யாணம் செய்துகொண்டார். அவர் பேச்சைக் கேட்டு ராக்கெட்டையும் மாற்றினார். பல ஆண்டாகக் கையில் இருந்த வில்சனை வைத்துவிட்டு யோனெக்ஸை எடுத்தார்.

டென்னிஸ் ஆடாதவர்களுக்கு இது செருப்பு மாற்றுகிற மாதிரி தோன்றலாம். சின்ன வயதிலிருந்து லட்சக்கணக்கான பந்துகளை ஒரே கனத்தோடு, ஒரே சமநிலையோடு அடித்துப் பழகிய மணிக்கட்டுக்கு, சில கிராம் வித்தியாசம்கூடப் பந்து எப்போது விலகுகிறது என்ற கணக்கைக் குழப்பிவிடும். வேகமாக அடிக்கிறவருக்கு இன்னும் மோசம். கீஸ் பெண்கள் டென்னிஸிலேயே மிக வேகமாக அடிக்கிறவர்களில் ஒருவர். அவருக்கு வலுவில் குறை இருந்ததே இல்லை. முக்கியமான நேரத்தில் பந்து அரையடி வெளியே போவதுதான் சிக்கல். 2017 அமெரிக்க ஓபன் இறுதிச்சுற்றில் ஸ்லோன் ஸ்டீபன்ஸிடம் 6-3, 6-0 என்று விழுந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. 29 வயதில், கிராண்ட்ஸ்லாம் இல்லாமல், ஜனவரிக்குச் சில வாரமே இருக்கும்போது ராக்கெட்டை மாற்றுவது துணிச்சல்தான். சீசன் நடுவில் இதைச் செய்யவே முடியாது. ஆட்டம் இல்லாத அந்தச் சில வாரங்கள்தான் இதற்கான நேரம், தப்பாக அடித்தாலும் புள்ளி போகாது.

2025 ஜனவரி முதல் வாரம் ஆக்லாந்தில் காலிறுதியில் கிளாரா டௌசனிடம் தோற்றார். அந்த ஒரு ஸ்கோரை வைத்துத் தீர்ப்புச் சொல்லியிருந்தால், ராக்கெட் மாற்றம் தப்பு என்றுதான் சொல்லியிருப்போம். சொல்லவில்லை, ஏனென்றால் கவனிக்கவே இல்லை. அடுத்த வாரம் அடிலெய்டில் பட்டம் வென்றார். மெல்போர்னில் ஆஸ்திரேலிய ஓபனுக்கு 19ஆவது தரநிலையோடு உள்ளே போனார்.

ஜனவரி 23ஆம் தேதி, சென்னையில் மதியம் தாண்டி, அரையிறுதி. எதிரே ஸ்வியாடெக். குளிர்காலம் முழுக்க நாங்கள் பேசியவர் அந்தப் பக்கம், பேசாதவர் இந்தப் பக்கம். தடை அவரைப் பாதித்திருக்கும், புதுப் பயிற்சியாளரோடு தடுமாறுவார் என்று எழுதியதையெல்லாம் ஸ்வியாடெக் பொய்யாக்கியிருந்தார். ஐந்து ஆட்டங்களில் மொத்தமாக 14 கேம்தான் விட்டுக்கொடுத்திருந்தார். முதல் செட்டை 7-5 என்று எடுத்தார், இரண்டாவதை 6-1 என்று இழந்தார். மூன்றாவதில் 6-5இல் அவரே சர்வ், மேட்ச் பாயிண்ட், இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் வெற்றி. அவருடைய பேக்ஹேண்ட் வலையில் போய் விழுந்தது. கீஸ் கேமைப் பிடுங்கி, முதலில் பத்துப் புள்ளி எடுப்பவர் வெல்லும் டை-பிரேக்குக்குக் கொண்டுபோனார். 10-8. பழைய கீஸாக இருந்தால் அந்த டை-பிரேக்கில் எங்காவது ஒரு ஃபோர்ஹேண்ட் கோட்டைத் தாண்டியிருக்கும் என்று நான் சோபா நுனியில் உட்கார்ந்து காத்திருந்தேன். தாண்டவில்லை.

இரண்டு நாள் கழித்து இறுதிச்சுற்றில் முதலிடத்தில் இருந்த சபலென்காவை, மூன்றாவது முறையாகத் தொடர்ந்து வெல்ல வந்தவரை, 6-3, 2-6, 7-5 என்று வீழ்த்தினார். கடைசிப் பந்து முடிந்ததும் சபலென்கா தன் நாற்காலிக்குப் போய் ராக்கெட்டை ஓங்கித் தரையில் அடித்து உடைத்தார். அது வில்சன்.